காந்தம் ஒட்டிய தலைக்கவசம்

“டீச்சர், இது அசல். என் கொள்ளுத் தாத்தா போர்க் காலத்தில் போட்டது!”

படிவம் 4 மாணவர் ஒருவர் நாளிதழில் சுற்றிய பொருள் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த பெரிய சூப் தட்டைப் போன்ற ஓர் உலோகத் தலைக்கவசம். உள்பக்கத்து வார் எப்போதோ மக்கிப் போயிருந்தது. வெளியே சாயம் உரிந்து, துரு ஏறியிருந்தது. பல வருடங்களாகப் பாட்டி வீட்டுக் கொல்லையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டதாம்.

எங்கள் பள்ளி வரலாற்றுக் கழகம் கம்பார் போரை ஒரு சிறு காட்சியாக நடித்துக் காட்டத் திட்டமிட்டிருந்தது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, பேராக் மாநிலத்தின் கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய போர் அது. உடை, பொருள்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. “அறிவியல் ஆசிரியைக்கு இங்கே என்ன வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். “இந்தத் துணி 1941இல் இருந்ததா? இந்தப் பொத்தான் பித்தளையா?” என்ற கேள்விகளுக்கு விடை சொல்வது வேதியியலும் இயற்பியலும்தானே!

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். அதைத் தலைக்கவசத்தின் உச்சியில் வைத்தேன். ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது.

மாணவருக்கு மகிழ்ச்சி. “பார்த்தீர்களா டீச்சர், நல்ல இரும்பு!” என்றார். எனக்கோ மனம் சற்றுச் சோர்ந்தது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், மற்றப் பொருள்களையும் பார்த்துவிடுவோம்.

மீள்நடிப்பு என்பது என்ன?

பழைய போர் ஒன்றை, அதே காலத்து உடையும் பொருள்களும் அணிந்து மீண்டும் நடித்துக் காட்டுவதைப் போர்க்கள மீள்நடிப்பு என்கிறோம். இங்கிலாந்தில் 1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போர், அமெரிக்காவில் 1863இல் நடந்த கெட்டிஸ்பர்க் போர் ஆகியவற்றை இப்படிப் பலமுறை நடித்திருக்கிறார்கள். வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டு நிறைவின்போது, 2015இல், பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினார்கள்.

இவர்களில் சிலர் மிகவும் கறாரானவர்கள். சட்டையின் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்றுகூடக் கணக்குப் பார்ப்பார்கள். ‘இழை எண்ணுபவர்கள்’ என்று மற்றவர்கள் இவர்களைக் கேலி செய்வதுண்டு. ஆனால், அந்தக் கறாருக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு வியர்த்தது, எவ்வளவு சுமந்தார், மழையில் நனைந்தபோது என்ன ஆனது என்பதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். சரியான துணியை உடுத்தி அரை மணி நேரம் வெயிலில் நின்றால், உடம்பே அதைப் பதிவு செய்துகொள்ளும். அந்த வகையில் மீள்நடிப்பும் ஒரு சோதனைதான். சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொருள் தவறாக இருந்தால், முடிவும் தவறாகத்தான் இருக்கும்.

தலை: காந்தம் ஒட்டக்கூடாது

முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு ஏற்பட்ட தலைக்காயங்களில் பல, மேலே வெடித்துச் சிதறும் குண்டுச் சில்லுகளால் வந்தவை. அவற்றைத் தடுக்க ஜான் பிராடி என்பவர் 1915இல் அகன்ற விளிம்புள்ள தலைக்கவசத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தகட்டை அழுத்தி வார்த்த எளிய வடிவம் அது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்ததும் அதன் வழிவந்த தலைக்கவசம்தான். எடை ஏறக்குறைய 1 கிலோகிராம்.

இதில் சுவையான செய்தி அதன் உலோகம். ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1882இல் கண்டறிந்த மங்கனீசு எஃகு அது. அதில் சுமார் 12 சதவீதம் மங்கனீசு இருக்கும். சாதாரண எஃகை அடித்தால் நெளியும். மங்கனீசு எஃகோ அடி வாங்க வாங்க, அடிபட்ட இடத்தில் மேலும் கடினமாகும். தலைக்கவசத்துக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இன்னொரு குணமும் உண்டு. சாதாரண இரும்பில் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமைந்திருக்கும். மங்கனீசு போதுமான அளவு கலந்தால் அந்த அமைப்பு மாறி, மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணுக்கள் அமையும். இந்த அமைப்பில் இரும்பு தன் காந்த ஈர்ப்பை இழந்துவிடுகிறது. எடையில் பெரும்பகுதி இரும்பாக இருந்தும் காந்தம் ஒட்டாது!

அதனால்தான் பழைய இராணுவப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் சந்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தத்தை வைத்திருக்கிறார்கள். இந்த வகைத் தலைக்கவசத்தின் உச்சியில் காந்தம் வழுக்கி விழுந்தால் நல்ல அறிகுறி. ஒட்டிக்கொண்டால், அது சாதாரண எஃகில் செய்த நகலாகவோ வேறு வகையாகவோ இருக்கலாம். என் மனம் சோர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே இன்னொரு திருத்தமும் தேவைப்பட்டது. எங்கள் மாணவர்கள் நடிகர்கள் அனைவருக்கும் தலைக்கவசம் தேடிக்கொண்டிருந்தார்கள். கம்பாரில் போரிட்டவர்களில் சீக்கிய வீரர்களும் இருந்தார்கள். ஜனவரி 2ஆம் நாள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து இழந்த அரணை மீட்ட சீக்கியர்களின் தாக்குதல் அந்தப் போரின் முக்கிய நிகழ்வு. சீக்கியச் சிப்பாய்கள் தலைக்கவசம் அணியவில்லை, தலைப்பாகை கட்டினார்கள். ஆக, ஐந்து தலைக்கவசம் குறைந்தது, ஐந்து தலைப்பாகைத் துணி கூடியது.

உடல்: சிவப்பிலிருந்து காக்கிக்கு

பிரிட்டிஷ் சிப்பாய் என்றாலே ஒரு காலத்தில் சிவப்புச் சட்டைதான். வாட்டர்லூவில் போரிட்ட சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சாயம் எடுத்தார்கள். அதிகாரிகளின் பளிச்சென்ற சிவப்பு, கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வந்தது. சட்டையின் நிறத்தைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடலாம்.

வேரில் உள்ள சிவப்புக்கு அலிசரின் என்று பெயர். வெறும் சாயநீரில் துணியை நனைத்தால் அது நன்றாகப் பிடிக்காது. முதலில் படிகார நீரில் ஊறவைக்க வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் பாலம்போல வேலை செய்கிறது. தமிழகக் கடற்கரையில் விளைந்த சாயவேரிலும் இதே அலிசரின் உண்டு. அந்த வேரால் சிவப்பூட்டிய நம் துணிகள் கடல் கடந்து விலைபோயின. 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். அதன்பிறகு வேரைத் தோண்டும் தொழில் மெல்ல மெல்ல நலிந்தது.

தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் வந்தபின், சிவப்புச் சட்டை எதிரிக்கு எளிய இலக்காகிவிட்டது. 1846இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் படைப்பிரிவு ஒன்றை அமைத்த ஹாரி லம்ஸ்டன், தம் வீரர்களுக்கு மண் நிற உடை கொடுத்தார். பாரசீகத்தில் ‘காக்’ என்றால் மண், புழுதி. ‘காக்கி’ என்றால் புழுதி நிறம்.

தொடக்கத்துக் காக்கி, துவைக்கத் துவைக்க ஒவ்வொரு சட்டைக்கும் ஒவ்வொரு நிறமாக வெளுத்தது. 1884இல் ஃபிரெடெரிக் கேட்டி என்பவர் சாயம் போகாத காக்கிக்குக் காப்புரிமை பெற்றார். கனிமக் காக்கி எனப்படும் இந்த வகைச் சாயத்தில், இரும்பு, குரோமியம் உப்புக்கரைசலில் துணியை ஊறவைத்துப் பிறகு காரக் கரைசலில் முக்குவார்கள். துருப் பழுப்பு நிற இரும்பு ஆக்சைடும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடும் இழைக்குள்ளேயே படிந்துவிடும். பழுப்பும் பச்சையும் சேர்ந்தால் காக்கி! நீரில் கரையாத கனிமம் என்பதால் வெயிலும் சோப்பும் அதை எளிதில் வெல்ல முடியாது.

1941இல் மலாயாவில் இருந்த வீரர்கள் அணிந்தது காக்கிப் பருத்திச் சட்டையும் அரைக்கால் சட்டையும். சாய்வுக் கோடுகள் தெரியும்படி நெய்த உறுதியான துணி அது. திரைப்படங்களில் நாம் பார்க்கும் கரும்பச்சைக் காட்டுச் சீருடை பரவலானது அதற்குப் பிறகுதான். எங்கள் மாணவர்கள் இணையத்தில் வாங்கியிருந்த நான்கு பச்சைச் சட்டைகளை ஓரம் வைக்க வேண்டியதாயிற்று.

காக்கி நிறத்தில் வாங்கியவற்றிலும் ஒரு சிக்கல். அவை பாலியெஸ்டர். வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் உருவாக்கியதே 1941இல்தான். ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறிய அதே ஆண்டு! அப்போது அது ஆய்வகத்தைத் தாண்டவில்லை. கடைகளில் சட்டையாகத் தொங்கியது 1950களில்.

“பார்ப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது, டீச்சர்?” என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு சோதனை செய்தோம். ஒருவர் பருத்திச் சட்டையும் இன்னொருவர் பாலியெஸ்டர் சட்டையும் அணிந்து, பிற்பகல் 2 மணிக்குத் திடலைப் பத்து நிமிடம் சுற்றி வந்தார்கள். பாலியெஸ்டர் அணிந்தவருக்குத் துணி முதுகில் ஒட்டிக்கொண்டது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத நீரைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பருத்தியும் குறையற்றதன்று. அடுத்து இரண்டு சட்டைகளையும் வாளி நீரில் முக்கி எடுத்தோம். பருத்தி கனத்துத் தொங்கியது. பாலியெஸ்டர் காய்ந்து வெகுநேரம் ஆகியும் அதில் ஈரம் இருந்தது. டிசம்பர் மாதப் பருவமழையில் பதுங்கு குழிக்குள் நான்கு நாள் இருந்தவர்களை அப்போதுதான் மாணவர்கள் நினைத்துப் பார்த்தார்கள்.

நூல்: இருட்டில் ஒளிர்ந்தால்?

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதே புறஊதா விளக்கு பழைய சீருடைகளைச் சோதிக்கவும் உதவுகிறது.

இன்றைய சலவைத் தூள்களிலும் வெள்ளை நூல்களிலும் ஒளிர்வெண்மையூட்டிகள் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உள்வாங்கி, அந்த ஆற்றலை நீல ஒளியாக வெளியிடுவது இவற்றின் வேலை. அதனால்தான் நம் பள்ளிச் சட்டை ‘பளிச்’ என்று தெரிகிறது. இவை சலவைப் பொருள்களில் பரவலானது 1940களிலும் அதன் பின்னரும். எனவே, 1941க்குரியது என்று சொல்லப்படும் சட்டையின் நூல் இருட்டில் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் நாம் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகப்பட வேண்டும் என்றுதான் சொன்னேன், ‘போலி’ என்று உடனே முடிவுகட்டச் சொல்லவில்லை. உண்மையான பழைய சட்டையைப் பாட்டி போன மாதம் சலவை இயந்திரத்தில் போட்டிருந்தால் அதுவும் ஒளிரும். கிழிந்த இடத்தைப் புது நூலால் தைத்திருந்தால் அந்தத் தையல் மட்டும் ஒளிரும். ஒளிரவில்லை என்பதாலும் ‘அசல்’ என்று ஆகிவிடாது. ஒளிர்வெண்மையூட்டி சேர்க்காத நூலில் நகல் தைப்பவர்களும் உண்டு. ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இடை: பித்தளையின் எடை

1908 முதல் பிரிட்டிஷ் இராணுவம் தோல் வாருக்குப் பதிலாகத் தடித்த பருத்தி நாடாவால் நெய்த இடைவாரையும் தோள்பட்டையையும் பயன்படுத்தத் தொடங்கியது. கம்பாரில் இருந்தவர்களின் காலத்தில் 1937 மாதிரி வந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் தோல் செருப்பைச் சில வாரம் அலமாரியில் விட்டுப் பாருங்கள், பூசணம் பூத்துவிடும். நெய்த நாடாவைப் பராமரிப்பது அதைவிட எளிது.

கொக்கிகளைப் பித்தளையில் செய்தார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் இரும்பு இல்லாததால் செந்துரு பிடிக்காது. நாளடைவில் பச்சைக் களிம்பு படியலாம், ஆனால் உலோகம் தின்னப்பட்டு உடைந்துபோக வெகுகாலம் ஆகும்.

இன்றைய மலிவு நகல்களில் இரும்பின்மேல் அல்லது துத்தநாகக் கலவையின்மேல் பொன்னிறப் பூச்சு பூசியிருப்பார்கள். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாகக் கலவையிடம் காந்தம் பலிக்காது. அங்கே ஆர்க்கிமிடீசை அழைக்க வேண்டும். கொக்கியை எடை போடுங்கள். அளவுச் சாடியில் நீர் ஊற்றிக் கொக்கியை மூழ்கவைத்து, நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். 5 கன சென்டிமீட்டர் உயர்ந்து, எடை 42 கிராம் என்றால் அடர்த்தி 8.4. பித்தளையாக இருக்கலாம். அதே பருமனுக்கு 33 கிராம்தான் என்றால் அடர்த்தி 6.6. அது துத்தநாகக் கலவைக்குரிய எண்.

அசலே ஆனாலும் தொடாதீர்கள்

மீள்நடிப்பில் சில பொருள்கள் அசலாக இருக்கவே கூடாது.

பழைய வாயு முகமூடிகள் முதலாவது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் முகமூடிகளின் வடிகட்டிகளில் கல்நார் இழை உண்டு. அணிந்து மூச்சு இழுத்தால் அந்த நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போகலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை அவை.

அடுத்து, இருட்டில் ஒளிரும் முள் கொண்ட பழைய கைக்கடிகாரங்களும் திசைகாட்டிகளும். அவற்றில் பலவற்றுக்கு ரேடியம் கலந்த சாயம் பூசியிருந்தார்கள். இப்போது அவை ஒளிர்வதில்லை என்பதால் கதிரியக்கம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தேய்ந்துபோனது ஒளியைத் தரும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் 226இன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். 80 ஆண்டுகளில் 4 சதவீதம்கூடக் குறைந்திருக்காது. கண்ணாடியைத் திறப்பதும் சுரண்டுவதும் ஆபத்து.

ஆயுதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போலித் துப்பாக்கிகளுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நாங்கள் மரப்பலகையை வெட்டிச் சாயம் பூசிக்கொண்டோம். பழைய தோட்டாவோ குண்டோ எங்காவது கண்ணில் பட்டால், தொடாமல் விலகி 999க்கு அழையுங்கள்.

நகல் வேறு, போலி வேறு

நல்ல நகலைச் செய்வது பெருமைக்குரிய கைத்தொழில். நேர்மையான தயாரிப்பாளர் உள்பக்கத்தில் தம் முத்திரையையும் செய்த ஆண்டையும் பதிப்பார். அதே பொருளைத் தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்துப் பழுப்பேற்றி, புளிக்காடியும் உப்பும் தடவித் துருப்பிடிக்கவைத்து, ‘1941’ என்று முத்திரை குத்தி விற்றால் அது போலி. வாங்கியவருக்குப் பண இழப்பு மட்டுமல்ல, நாளை அதைப் பார்த்து ஆய்வு செய்பவருக்கும் தவறான சான்று. எங்கள் மாணவர்கள் தைத்த எல்லாச் சட்டையிலும் கழுத்துப் பட்டைக்குள் ‘நகல்’ என்றும் பள்ளி ஆண்டையும் எழுதிவைத்தோம்.

மீண்டும் அந்தத் தலைக்கவசம்

கோழித் தண்ணீர்த் தலைக்கவசத்துக்கு வருவோம். காந்தம் ஒட்டினால் என்ன பொருள் என்று விளக்கியதும் மாணவரின் முகம் வாடிவிட்டது. “அப்படியென்றால் வீட்டில் சொன்னது பொய்யா, டீச்சர்?”

“ஒரு சோதனைதானே செய்திருக்கிறோம்? இன்னும் பார்ப்போம்,” என்றேன்.

அழுக்கை மெதுவாகத் துடைத்தோம். விளிம்பின் ஓரிடத்தில் சின்னஞ்சிறு துளைகள் சில வரிசையாக இருந்தன. துருவால் வந்த ஓட்டைகள் அல்ல, துளைக்கருவியால் போட்டவை. அன்று மாலை தேடிப் படித்தபோது விடை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, போர்முனைக்குத் தேவையான உறுதி இல்லாத தலைக்கவசங்களின் விளிம்பில் பிரிட்டிஷார் துளையிட்டு அடையாளப்படுத்தினார்கள். சிப்பாய்களுக்கு அல்லாமல், விமானத் தாக்குதல் காவலர் போன்ற பொதுமக்கள் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு அவற்றைக் கொடுத்தார்கள். அவற்றில் சாதாரண எஃகால் ஆனவையும் உண்டு. காந்தம் ஒட்டுவதற்கு இப்போது வேறொரு காரணம் கிடைத்துவிட்டது.

மறுநாள் மாணவர் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்தார். “எங்க அப்பா துப்பாக்கி பிடிச்சதா யாரு சொன்னா? ஈப்போவுல குண்டு போட்டப்ப, சைரன் கேட்டா இதை மாட்டிக்கிட்டு ஓடுவாராம். லயத்துல இருக்கிறவங்களையெல்லாம் குழிக்குள்ள இறக்கிவிட்டுட்டுத்தான் அவரு இறங்குவாராம். எங்கம்மா சொல்லுவாங்க” என்றாராம் பாட்டி.

அந்தத் தலைக்கவசம்தான் அது என்று நூறு சதவீதம் நிரூபிக்க நம்மிடம் ஆவணம் இல்லை. ஆனால் காந்தமும் துளையும் பாட்டியின் நினைவும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. சிப்பாய் என்று குடும்பம் எண்ணியிருந்தவர், குண்டு விழும்போது பிறரைக் காப்பாற்ற ஓடியவராக இருக்கலாம்.

காட்சி நடந்த நாளில் எங்கள் நாடகத்தில் ஒரு புதிய பாத்திரம் சேர்ந்தது. சைரன் ஒலித்ததும் ஓடி வந்து மக்களைப் பதுங்கு குழிக்கு அனுப்பும் காவலர். அந்த மாணவரே நடித்தார். அவர் தலையில் இருந்தது அட்டையில் செய்த நகல். அசல், பெயர்ச் சீட்டோடு, வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இப்போது கோழிகளுக்குப் பாட்டி பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள ‘இரும்பு’ப் பொருள்கள் பத்தை எடுத்துக் காந்தத்தால் சோதியுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டிகள் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. காரணத்தைத் தேடுங்கள்.

2. பழைய பித்தளைப் பொத்தான்கள் பத்தை ஒன்றாக எடை போட்டு, நீரில் மூழ்கவைத்துப் பருமன் கண்டு, அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் பிழை அதிகமாவது ஏன்?

3. இருட்டறையில் ஊதா விளக்கால் உங்கள் பள்ளிச் சட்டை, துவைக்காத புதிய பருத்தித் துணி, அம்மாவின் பழைய சேலை ஆகியவற்றைப் பாருங்கள். விளக்கை நேராகக் கண்ணில் படவிடாதீர்கள்.

4. வீட்டில் பழைய பொருள் ஏதேனும் இருக்கிறதா? சோதிப்பதற்கு முன் அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சோதித்த பிறகு மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.